தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் பழக்கத்தை எப்படி விட்டீர்கள்?

முழுசாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். விடவில்லை, குறைந்திருக்கிறது. தியானம், டைரி எழுதுவது என்று எதுவும் செய்யவில்லை. போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இங்கே பெங்களூரில் ஒரு நாட்டுப்புற இசை விழாவுக்குப் போனேன், அங்கே ஒரு பெரியவர் ஒரு பையனுடைய கைத்தாளத்துக்குக் கயிறு மாற்றிக் கட்டிக் கொடுத்ததைப் பார்த்தேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் ஜிஎஸ்டி பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்திலேயே மேட்டூர் பக்கத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம். கணக்கு எழுதுவதுதான் பிழைப்பு. சி.ஏ. ஃபைனலில் இரண்டாவது குரூப்பை நான்கு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, போதும் என்று நிறுத்திக்கொண்டு, இப்போது இருபது சொச்சம் கடைகளுக்கு ரிட்டர்ன் ஃபைல் செய்து கொடுக்கிறேன். ஆட்டோக்காரர் எனக்கு அண்ணா, வாட்ச்மேன் தாத்தா, கடை முதலாளி சார், அவருடைய மகனுக்கு இருபத்திரண்டு வயசுதான், அவனையும் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். மனசுக்குள் என்னை நானே கூப்பிடும்போது மட்டும் "டேய் தண்டச்சோறு". பால் பொங்கினால் தண்டச்சோறு, குடையை பஸ்ஸில் விட்டால் தண்டச்சோறு. இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. நாலாவது அட்டெம்ப்ட் ரிசல்ட் வந்த ராத்திரியில் இருந்து பலமாகிவிட்டது என்று மட்டும் சொல்லலாம்.

விஷயம் இதுதான். ஒரு பைப் கடை, டிசம்பர் மாத கணக்கு. ஜனவரி 20-ம் தேதிக்குள் 3பி, அதாவது மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன், போட்டாகிவிட்டது. பிப்ரவரி முதல் வாரத்தில், சரக்கு வாங்கிய பார்ட்டி கடைக்காரருக்கு போன் செய்து "உங்க பில் எங்க 2பி-யில வரலையே" என்று கேட்டிருக்கிறார். 2பி என்பது, விற்றவர் ஏற்றிய பில்லெல்லாம் வாங்கியவருக்குத் தெரியும் பட்டியல். தேடிப் பார்த்தால் 2,30,000 ரூபாய் பில் ஒன்று, 18 சதவீதம் வரி, அதாவது 41,400 ரூபாய், நான் ஏற்றவே இல்லை. 3பி ஒருமுறை ஃபைல் ஆகிவிட்டால் திருத்த முடியாது. அடுத்த மாத ரிட்டர்னில் சேர்த்து, தாமதத்துக்கு வருஷத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி கட்ட வேண்டும். கடைக்காரர் கன்னடத்தில் "சரி விடுங்க சார், அடுத்த மாசம் சேர்த்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு பைப் வெட்டப் போய்விட்டார். நான்தான் விடவில்லை. பத்து நாள். தூங்கப் போனால் அந்த பில், குளிக்கும்போது அந்த பில். மற்ற எல்லாக் கடைகளின் டிசம்பர் ஃபைலையும் முதலிலிருந்து திறந்து பார்த்தேன், எதிலும் தப்பு இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வரவில்லை, இன்னும் ஏதோ கண்ணில் படாமல் இருக்கிறது என்றுதான் தோன்றியது.

பக்கத்து வீட்டில் ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருக்கிறார், கன்னடக்காரர், எல்லாருக்கும் அவர் மேஷ்ட்ருதான். அவர் கொண்டுவந்து கொடுத்த அழைப்பிதழ் டிவி மேல் கிடந்தது. நாட்டுப்புற இசை, ரவீந்திர கலாக்ஷேத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் சம்ஸ திறந்தவெளி அரங்கில், அனுமதி இலவசம். மனைவி அதை எடுத்து என் மடியில் போட்டு, "போய்ட்டு வாங்க. வீட்ல உக்காந்து அந்த பில்லையே அரைச்சுட்டு இருக்காதீங்க, எனக்குத் தலைவலி வருது" என்றாள். மேஷ்ட்ருவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. தனியாகத்தான் போனேன். தனியாக ஒரு பொழுதுபோக்குக்குப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை, நாற்பத்தாறு வயசில்.

அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி நடந்தேன். ஜே.சி. ரோட்டில் வரிசையாக வண்டி உதிரிபாகக் கடைகள், அவற்றின் போர்டில் இருக்கும் ஜிஎஸ்டி நம்பரைப் படித்துக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் நிலைமை புரியட்டும். அரங்கில் கல் படிகள். வெளியே போகும் வழிக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்து உட்கார்ந்தேன், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம் என்று.

முதல் முக்கால் மணி நேரம் மேடைப் பேச்சு. ஒவ்வொருவருக்கும் மைசூர் தலைப்பாகை, சால்வை, பழக்கூடை. விடிய விடியப் பாட வேண்டிய கதைக்குப் பதினைந்து நிமிஷம், சால்வைக்கு முக்கால் மணி நேரம்! தமிழ்நாட்டிலும் இதே கதைதான், அதனால் கன்னடக்காரர்களை மட்டும் சொல்வதற்கில்லை.

அப்புறம் டொள்ளு வந்தது. பார்க்காதவர்களுக்கு: உடம்புக்கு முன்னால் தொங்கும் பீப்பாய் மாதிரி பெரிய மேளம், ஒரு கையில் குச்சி, இன்னொரு கை வெறும் கை. குருபர் சமூகத்தினர் பீரேஸ்வரர் வழிபாட்டில் வாசிப்பது. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டே, குனிந்து, எகிறி வாசிப்பார்கள். அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் வந்து இடிக்கும். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், இரண்டாவது சுற்றில் போனை பாக்கெட்டில் போட்டுவிட்டேன். பத்து நாளில் முதல் தடவையாக, கொஞ்ச நேரம், தலைக்குள் பில் இல்லை. அது இல்லை என்பதே டொள்ளு முடிந்த பிறகுதான் உறைத்தது.

அடுத்தது கம்சாளே. நெற்றி நிறைய விபூதியும் கழுத்தில் ருத்ராட்சமுமாக மாதேஸ்வரன் மலை பக்தர்கள் ஆடிப் பாடுவது. ஒரு கையில் கிண்ணம் மாதிரி வெண்கலத் தாளம், இன்னொரு கையில் தட்டையான வட்டு, அதில் கயிறும் குஞ்சமும். வட்டைச் சுழற்றி வீசி, தலைக்கு மேல், முதுகுக்குப் பின்னால், பக்கத்து ஆள் மேல் எல்லாம் கொண்டுபோய் மறுபடி கிண்ணத்தில் சரியாக "டங்" என்று இறக்க வேண்டும். பாட்டுக்கு நடுவே "உகே உகே மாதப்பா" என்று ஒரு குரல் எழுந்தது பாருங்கள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் பாட்டி சொல்லுவாள் அதை. மலை சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் சேலம், தருமபுரி, ஈரோடு பக்கமெல்லாம் மாதேஸ்வரன் எங்கள் சாமி. அங்கே மாதப்பன், மாதையன், மாதம்மாள் என்று பேர் இல்லாத தெரு குறைவு. பாட்டி அல்சூருக்கு வந்த பிறகும் வருஷம் ஒரு தடவை கட்டுச்சோற்று மூட்டையோடு கிளம்பிவிடுவாள். இட்லி சட்டியை அடுப்பில் ஏற்றும்போதுகூட உகே உகே மாதப்பா. எனக்கு அது கன்னடமா தமிழா என்றே வெகுநாள் தெரியாது.

அந்த நேரம் பார்த்துதான் ஒரு பையனின் வட்டு கையை விட்டுப் பறந்தது. பதினாறு பதினேழு வயசு இருக்கும், வரிசையில் கடைசி ஆள். வட்டு மேடைப் பலகையில் விழுந்து உருண்டு மைக் ஸ்டாண்டில் மோதி, ஸ்பீக்கரில் பெரிய சத்தம். என் வயிறு கலங்கியது. போச்சு, இவன் இன்றைக்குத் தூங்க மாட்டான் என்று நினைத்தேன். மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பையன் வெறும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அடவை மட்டும் போட்டு முடித்தான். கூட்டம் கை தட்டியது, பாதிப் பேர் கவனிக்கவே இல்லை.

காபி வாங்கப் போனேன். பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும், பை-டூ சொன்னால் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதி கொடுப்பார்கள். வாய் பழக்கத்தில் பை-டூ என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் இன்னொரு ஆளைத் தேடினார். "ஒருத்தர்தானா?" என்றார். ஒருத்தர்தான், ஃபுல்லாகவே கொடுங்கள் என்றேன்.

கடைக்குப் பின்னால் தமட்டே வாசிப்பவர்கள் காகிதத்தையும் சருகையும் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நம் பறைதான் கிட்டத்தட்ட. சாயங்காலக் குளிரில் ஈரம் ஏறித் தோல் தொய்ந்துவிடும், அனலில் காட்டினால் விறைக்கும், ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் கிழிந்துவிடும். இப்போது பலர் ஃபைபர் வைத்துவிட்டார்கள், அதற்கு இந்த வேலை இல்லை. அந்த நெருப்புக்குப் பக்கத்தில் வட்டை விட்ட பையன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் குழுவின் பெரியவர், எழுபது வயசாவது இருக்கும், எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவனுடைய வட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கயிற்றைக் கட்டைவிரலால் நெருடினார். ஒரு இடத்தில் நூல் பிரிந்து, முடிச்சு வழுக்கிப்போயிருந்தது. அதை நெருப்பு வெளிச்சத்தில் அவனுக்குக் காட்டி, "இர்லி பிடோ மகா, தார லூஸ் ஆகித்து" என்றார். இருக்கட்டும் விடுடா மகனே, கயிறு லூஸ் ஆகியிருந்தது. பையன், நான்தான் பார்க்கவில்லை என்று முணுமுணுத்தான். ஆமாம், பார்க்கவில்லை, இனிமேல் மேடை ஏறும் முன்னால் ஒரு தடவை இழுத்துப் பார் என்றார், அதையும் அதே குரலில். மடியிலிருந்து புதுக் கயிறு எடுத்து, துவாரத்தில் கோத்து, பல்லால் கடித்து இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டு, அவன் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். பையன் இழுத்தான். இன்னும் பலமாக என்றார். இழுத்தான். எழுந்து போய்விட்டார்.

காபி ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றேன். எனக்குப் புரிந்தது ரொம்பச் சின்ன விஷயம்: அவர் பார்த்தது முடிச்சை, அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்பதை இல்லை. நான் பத்து நாளாக என்னைப் பற்றித்தான் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன், அந்த பில் எந்த வழியில் விட்டுப்போனது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அங்கேயே நின்று போனைத் திறந்து பார்த்தேன், இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மற்ற பில்லெல்லாம் கட்டாக வந்திருக்கிறது, இது மட்டும் டிசம்பர் 31 ராத்திரி வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்திருக்கிறது, அதற்கு மேலே ஐம்பது புத்தாண்டு வாழ்த்து.

கடைசியில் தமட்டே. சின்ன வயசில் அல்சூரில் இந்த அடி கேட்டால் சாவு ஊர்வலம் என்று அப்பா ஜன்னலைச் சாத்துவார். சாவு மட்டுமா காரணம் என்று இப்போது தெரிகிறது, அது வேறு பதிலில் எழுத வேண்டிய சங்கதி. ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டே என் காலுக்கு அந்த அடி தெரிந்திருந்தது. வாசிப்பவர்கள் மேடையை விட்டு இறங்கி வந்ததும் ஜனங்கள் சேர்ந்து ஆட ஆரம்பித்தார்கள். நானும் இறங்கினேன், தொப்பையும் ஃபார்மல் சட்டையுமாக. நாலு அடி சரியாக வைத்தேன், ஐந்தாவதில் எல்லாரும் இடது பக்கம் போக நான் மட்டும் வலது பக்கம். பக்கத்தில் ஆடிய ஒரு பெண்குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அரை மணி நேரம் ஆடியிருப்பேன், சட்டை நனைந்துவிட்டது.

வீட்டுக்குப் போகும்போது பத்தரை. "எப்படி இருந்துச்சு?" என்றாள். ஆடினேன் என்றேன். நம்பவில்லை. மறுநாள் படியிறங்க முடியாமல் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் நம்பினாள்.

திங்கட்கிழமை வாட்ஸ்அப் பில்லுக்கென்று தனி ஃபோல்டர் போட்டேன். ஃபைல் செய்யும் முன்னால் அதை ஒரு தடவை திறந்து பார்ப்பது, கயிறு இழுத்துப் பார்க்கிற மாதிரி. பிப்ரவரி 20-ம் தேதி அந்த பில்லைச் சேர்த்து வரியைக் கட்டினேன், 31 நாளுக்கு வட்டி 633 ரூபாய். பத்து நாள் தூக்கத்தின் விலை அதுதான், அதை நானே கட்டுகிறேன் என்றதற்குக் கடைக்காரர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதற்கப்புறம் தப்பே வரவில்லையா என்றால், வந்தது. ஒரு மளிகைக் கடைக் கணக்கில் ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றிவிட்டேன். "டேய்" வரைக்கும் வாய் வந்துவிட்டது. பாதியில் நிறுத்தி, "மகா, எங்கே லூஸ் ஆச்சு பார்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மகன் ஹாலில் இருந்து என்னையா கூப்பிட்டீங்க என்று எட்டிப் பார்த்தான்.

உங்களுக்கும் போய்ப் பார்க்க ஆசை இருந்தால், விழா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராமநகரம் பக்கத்தில் ஜானபத லோகா இருக்கிறது. மைசூர் ரோட்டில் சுமார் 50 கிலோமீட்டர், எச்.எல். நாகேகௌடா 1994-ல் உருவாக்கியது, கர்நாடக நாட்டுப்புற வாத்தியங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சம்ஸ அரங்கில் நிகழ்ச்சி என்றால் ஒரு பழைய துண்டை நாலாக மடித்து எடுத்துப் போங்கள். கல் படி, மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். நான் எடுத்துப் போகவில்லை.