கணக்கு அக்கா பதில்கள்: எந்த சிபிஏ?

கேள்வி: வணக்கம் அக்கா. பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி முடித்துவிட்டேன், கணக்குப்பதிவியலில் நல்ல கிரேடு. அப்பா தபாஜி (சின்னச் சில்லறைக் கடை) வைத்திருக்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் மாமா, "கணக்காளர் ஆக சிபிஏ படி, அமெரிக்கா வந்துவிடலாம்" என்கிறார். லெசோன் (டியூஷன்) எடுக்கும் சார், "ஏசிசிஏ என்ற பிரிட்டிஷ் கணக்காளர் படிப்புதான்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அம்மாவுக்கு எதுவானாலும் சரி, சீக்கிரம் முடிய வேண்டும். நான் எதில் சேர?
– 19 வயது வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: தங்கச்சி, முதலில் மாமாவிடம் கேள்: எந்த சிபிஏ?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் கென்யாவிலும் அது சர்டிஃபைட் பப்ளிக் அக்கவுண்டன்ட். ஆஸ்திரேலியாவில் நடு எழுத்து பிராக்டிசிங். கனடாவில் முதல் எழுத்தே சார்ட்டர்டு, நடுவில் புரொஃபஷனல். நாலும் நாலு வெவ்வேறு படிப்பு. மெல்பர்ன் அத்தை சொன்னதும் நியூஜெர்சி மாமா சொன்னதும் ஒன்றுதான் என்று நினைத்துப் பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

மாமா சொல்வது அமெரிக்க சிபிஏ என்று வைத்துக்கொள்வோம். நாலு தேர்வு. ஆடிட், நிதி அறிக்கை, வரியும் சட்டமும் என்று மூன்று எல்லோருக்கும் பொது. நாலாவதை மூன்று சிறப்புப் பாடங்களில் ஒன்றாக நீயே தேர்ந்தெடுக்கலாம். 2024இலிருந்து இப்படித்தான். ஒவ்வொரு தேர்வும் நாலு மணி நேரம், 75 வந்தால் பாஸ். நாலுதானே என்று தோன்றும். ஆனால் லைசென்ஸ் தருவது அந்தந்த மாநிலத்து வாரியம். ஒவ்வொன்றுக்கும் தனி விதி, எல்லாம் பட்டப்படிப்புக்குப் பிறகு வரும் பேச்சு. உன் கையில் இருப்பது எச்எஸ்சி. தவிர, அதில் நீ படிக்கப்போவது அமெரிக்கக் கணக்கு முறை, அமெரிக்க வருமான வரி. இங்கே எபேனில் உட்கார்ந்து நம் வரித்துறையான எம்ஆர்ஏவுக்கு 15 சதவீத வாட் கணக்குக் கொடுப்பவளுக்கு அந்த வரிப் பாடம் எதற்கு? விசா வேறு கதை. சான்றிதழைக் காட்டினால் யாரும் விசா தருவதில்லை.

உன் சார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நம் தீவில் 'கொந்தாப்' (கணக்காளர்) என்று பெயர் வாங்கியவர்களில் நிறையப் பேர் ஏசிசிஏ வழியாக வந்தவர்கள், நானும் அப்படித்தான். எச்எஸ்சி முடித்த கையோடு சேரலாம். இப்போதைய பாடத்திட்டத்தில் 13 தாள்: அடிப்படையில் 3, நடுவில் 6, மேல்நிலையில் 4. ஆண்டுக்கு நாலு முறை தேர்வு, 50 வந்தால் பாஸ். பட்டம் முடித்துவிட்டுப் போனால் 9 தாள் வரை விலக்குக் கிடைக்கலாம். அந்த விலக்குக்கும் காசு கட்ட வேண்டும் என்பதைச் சேரும்போது யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை! அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அப்புறம், தாள் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதே. 36 மாத வேலை அனுபவம் வேண்டும், அதை மேலே இருப்பவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் இதில் நன்றாக அடி வாங்கினேன். கடைசித் தாளும் பாஸ் ஆகிவிட்டது, வீட்டில் பாயசம் வைத்தாகிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய மேலாளரோ குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். அலுவலகத்தின் பெயர் இப்போது எதற்கு, அங்கே மீதி இருந்தவர்கள், "நாங்கள் பார்க்காததற்கு எப்படிப் போடுவது?" என்று கைவிரித்தார்கள். அதுவும் நியாயம்தான், என்ன செய்ய? தபாலில் காகிதம் அனுப்பி, அவர் போட்டுத் திருப்பி அனுப்பி, ஒன்றரை வருடம் போயிற்று. ஆகையால் நீ மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டே இரு. மேலாளர் விடைபெறும் விருந்தில் ஓடிப்போய் நிற்காதே.

அதற்குப் பிறகும் இங்கே கணக்காளர்களின் அமைப்பான எம்ஐபிஏவில் பதிய வேண்டும். கம்பெனி ஆடிட்டில் கையெழுத்திட ஆசை என்றால் நிதி அறிக்கைகளைக் கண்காணிக்கும் எஃப்ஆர்சியின் லைசென்ஸும் வேண்டும். இரண்டும் 2004ஆம் ஆண்டு நிதி அறிக்கைச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. அம்மாவிடம் சொல்: சீக்கிரம் என்றால், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் நாலைந்து வருடம்.

சரி, எதில் சேர்வது என்பதற்கு முன் இன்னொன்று இருக்கிறது. உன் அப்பா கடையில் கார்னே (கடன் நோட்டு) வைத்துக் கடன் கொடுக்கிறாரா?

எங்கள் கிராமத்துச் சீனர் கடையில் இரண்டு கார்னே: ஒன்று கடையில், ஒன்று எங்கள் வீட்டில். எண்ணெயோ உப்புமீனோ வாங்கினால் இரண்டிலும் எழுதுவார். மாசக் கடைசியில் அப்பா கரும்புத் தோட்டத்துச் சம்பளத்தோடு போய்த் தீர்ப்பார். ஒரு மாதம் 27 ரூபாய் இடித்தது. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் மணிச்சட்டத்தைத் தட்டிவிட்டு, "ஒன்பதில் வகுபடுகிறது, யாரோ எண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறோம்" என்றார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே போனார். அரிசி மூட்டைக்குக் கடைக் கார்னேயில் 63, எங்கள் கார்னேயில் 36. எழுதியது அவர்தான். அந்தக் காலத்தில் 27 ரூபாய் சின்னக் காசு இல்லை. நான் காசைப் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீயும் அப்பாவின் கார்னேயில் ஒரு மாதத்தை எடுத்து, கல்லாப் பணத்தோடு ஒப்பிட்டுப் பார். கண்டிப்பாக இடிக்கும். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்காமல் சாப்பிட எழுந்திருக்க மனசு வரவில்லை என்றால் ஏசிசிஏவில் சேர். கொட்டாவி வந்தால் மாமாவுக்கும் சாருக்கும் நன்றி சொல்லிவிட்டு வேறு ஏதாவது படி. அமெரிக்கா எங்கும் ஓடிவிடாது. இங்கே வேலை பார்த்த பிறகும் ஆசை இருந்தால் சிபிஏவை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு வயது 34. பகலில் அக்கவுண்ட்ஸ் கிளார்க் வேலை, இரவில் ஏசிசிஏ. ஸ்ட்ராட்டஜிக் பிசினஸ் ரிப்போர்ட்டிங் தாளில் மூன்று முறை ஃபெயில்: 46, 44, 47. மனைவி போதும் என்கிறாள். விட்டுவிடட்டுமா?
– வாசகர், காத்ர் போர்ன்

பதில்: தம்பி, 47 வாங்குகிறவருக்குப் பாடம் தெரியவில்லை என்று நான் நம்ப மாட்டேன். எழுதுவதில்தான் எங்கோ போகிறது. நாம் கிரெயோலில் யோசிக்கிறோம், செய்தித்தாளைப் பிரெஞ்சில் படிக்கிறோம், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். அந்தத் தாளோ கணக்குப் போடுவதைவிட விளக்கி எழுதச் சொல்வது. 100 மார்க்குக்கு 195 நிமிடம். மார்க்குக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. இதில் மனசுக்குள் மொழிபெயர்ப்பு வேறு நடந்தால் கடைசிக் கேள்வி அப்படியே நிற்கும். உங்களுக்கும் அப்படித்தான் நின்றதா என்று நினைத்துப் பாருங்கள்.

புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். பழைய கேள்வியை எடுத்து, கடிகாரத்தை வைத்து, தினமும் ஒரு பதிலை ஆங்கிலத்தில் முழுதாக டைப் செய்யுங்கள். தேர்வு நடத்துபவர்கள் எழுதும் அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் ஆட்கள் அதைத் தொடுவதே இல்லை. மேல்நிலையில் முதல் தாள் எப்போது பாஸ் ஆனீர்கள் என்றும் பாருங்கள், மேல்நிலை முழுவதையும் முடிக்க அன்றிலிருந்து ஏழு வருடம்தான் கெடு. மனைவியிடம் இன்னும் ஒரே ஒரு தேர்வு கேளுங்கள். அந்த மூன்று மாதம் பாத்திரம் கழுவுவது நீங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிடும் காலத்தில் கணக்காளருக்கு என்ன வேலை?
– வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: எனக்குத் தெரிந்த ஊறுகாய் வியாபாரி ஒருவர் நல்ல சாஃப்ட்வேர் வாங்கினார். பில்லைப் படம் எடுத்தால் தானே கணக்கில் ஏற்றிவிடும். வருடக் கடைசியில் சரக்கை எண்ணினால் எலுமிச்சை மட்டும் குறைகிறது. தொழிலாளிகள் மேல் சந்தேகம், ஒரே சத்தம். நான் பில்களைப் புரட்டினேன். ஒரு பெட்டி எலுமிச்சை வாங்கிய தேதி தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள். "இது ஊறுகாய்க்கா, உங்கள் காவடிக்கா?" என்றேன். மனிதர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் எலுமிச்சைக் காசைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். நான் என் ஃபீஸ் பில்லையும் அதன் பக்கத்திலேயே வைத்தேன்.