நுரையீரலில் ஒரு மிளகு: எலும்புப் புற்றுநோயாளிகளின் குடும்பத்தார் கேள்விகள்

சொந்த ஊர் தேவகோட்டை, மதுரையில் ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நம்ம பக்கத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன்.

காரைக்குடி, ஒரு அப்பா: என் மகனுக்கு 16 வயது, முழங்காலுக்கு மேலே ஆஸ்டியோசார்கோமா என்கிற எலும்புப் புற்று. நெஞ்சு ஸ்கேனில் 3 மில்லிமீட்டரில் ஒன்று, 4 மில்லிமீட்டரில் ஒன்று என இரண்டு புள்ளி, "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். பரவிடுச்சா டாக்டர்?

தெரியாது ஐயா. எழுதியவருக்கும் தெரியாது, அதைத்தான் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 4 மில்லிமீட்டர் என்பது ஒரு மிளகு அளவு. பழைய டிபி தழும்பாக இருக்கலாம், நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் சின்ன நெறிக்கட்டாக இருக்கலாம், வந்துபோன சளியின் மிச்சமாக இருக்கலாம், பரவலாகவும் இருக்கலாம். இந்த நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் போகிற இடம் நுரையீரல், அதனால் ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. யூராமோஸ் என்ற பன்னாட்டு ஆய்வில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஒன்று, அல்லது 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மூன்று இருந்தால் பரவல் என்றே எடுத்துக்கொள்வது. உங்கள் மகனுடையது அதற்குள் வரவில்லை. இதற்குப் பதில் தெரியட்டும் என்று கீமோவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

தேவகோட்டை, ஒரு ஆச்சி: பேத்தியின் புள்ளியில் சுண்ணாம்பு படிந்திருக்காம். அப்படின்னா பழைய தழும்புதான், பயமில்லேன்னு தெரிஞ்சவுக சொல்றாக.

மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் சரிதான் ஆச்சி. இந்த நோயில்தான் அது ஏமாற்றும். ஆஸ்டியோசார்கோமா செல்லின் குணமே எலும்பை உண்டாக்குவது, நுரையீரலுக்குப் போனாலும் அங்கேயும் உண்டாக்கும், ஸ்கேனில் அதுவும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் நம்ம நாட்டில் டிபி தழும்புக்கும் பஞ்சமில்லை. எப்போதாவது நெஞ்சு ஸ்கேன் எடுத்திருந்தால் பரணில் ஏறியாவது அதைத் தேடி எடுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பும் அதே புள்ளி அதே அளவில் இருந்தது என்றால், நான் ஒரு பக்கம் எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

புதுவயல், ஒரு தம்பி: இரண்டு சுற்று கீமோ முடிந்தும் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. நல்லதுதானே அண்ணே?

வளராதது நல்லது. ஆனால் அதை வைத்து அது புற்று இல்லை என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் உள்ளே எலும்பு படிந்த முடிச்சில் செல் செத்துப்போனாலும் கூடு அப்படியே நிற்கும், சில சமயம் முன்பைவிட வெள்ளையாகவும் தெரியும். மறைந்துபோனாலும் குழப்பம்தான்: சளி ஆறியதா, மருந்து கேட்டதா? பெரிதானாலோ புதிதாக முளைத்தாலோ நெஞ்சு அறுவை மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். இன்னொன்று, ஒரே புள்ளியை நானே இரண்டு தடவை அளந்தால் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். 3 இருந்தது 4 ஆகிவிட்டது என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளத்தூர்: பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?

சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றி, அதை அதிகம் இழுக்கும் இடம் ஒளிர்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் அது. இவ்வளவு சின்னதில் நம்ப முடியாது. ஒளிரவில்லை என்பதால் சுத்தம் என்று அர்த்தமில்லை.

கானாடுகாத்தான்: ஊசி போட்டு எடுத்துப் பார்க்கலாமே?

மூச்சுக்கு மூச்சு நகரும் நுரையீரலில் மிளகைக் குத்துவது லேசில்லை, தவறிப்போனால் வரும் "புற்று இல்லை" ரிப்போர்ட்டுக்கும் மதிப்பில்லை. தேவைப்பட்டால் அந்தப் புள்ளி இருக்கும் நுரையீரல் ஓரத்தையே சின்னதாக வெட்டி எடுத்துவிடுவார்கள். ஆஸ்டியோசார்கோமாவில் அதுவே சிகிச்சையும்கூட. யூயிங் சார்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்று என்றால் வழி வேறு, அங்கே நுரையீரல் முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுக்கும் முறை இருக்கிறது.

மறுபடியும் காரைக்குடி அப்பா: அடுத்த ஸ்கேன் எப்போது?

பொதுவாக 6 முதல் 12 வாரத்துக்குள், உங்கள் புற்றுநோய் மருத்துவர் கீமோ அட்டவணையைப் பார்த்து நாள் சொல்வார். முடிந்தால் போன தடவை எடுத்த இடத்திலேயே, படங்களை மெல்லிய வெட்டுகளாக எடுக்கச் சொல்லுங்கள். பிலிம் மட்டும் போதாது, குறுந்தகடும் வேண்டும். விடியற்காலை பஸ் ஏறி மதுரை வந்து, அதை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டோம் என்று என் அறை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர்.