திருமந்திர ஓலை: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

பத்து ஆண்டுகளாக ஒரு தனியார் நிறுவனத்தில் மேலாளருக்கு உதவியாளராக இருக்கிறேன். இப்போது ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் ஹைதராபாத் அலுவலகத்தில், துணைத் தலைவர் ஒருவருக்கு எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் வேலைக்கான நேர்காணலில் இரண்டு சுற்றுகள் முடிந்திருக்கின்றன. இரண்டாம் சுற்றில், சிக்கலான சூழல் ஒன்றை எப்படிக் கையாண்டீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது பட்டியலைத் தயாரித்தது நான்தான் என்றும், யார் யார் எதற்காக நீக்கப்பட்டார்கள் என்றும் விரிவாகச் சொன்னேன். எதிரில் இருந்தவர் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டார். வெறும் உதவியாளர் பெரிய விஷயங்களைப் பேசக்கூடாதோ? புதிர்க் கேள்விகள் வருமோ, என் ஆங்கிலம் போதுமோ, செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை விட்டுவைக்குமோ என்றெல்லாம் பயமாக இருக்கிறது. மூன்றாம் சுற்றுக்கு எப்படித் தயாராவது?

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

சில வாரங்களாக ஆனைமங்கலம் செப்பேட்டை வாசித்துக்கொண்டிருக்கிறேன். சோழ மன்னன் வாயால் சொன்ன ஆணையை ஓலையில் எழுதியவருக்குத் திருமந்திர ஓலை என்று பெயர். எழுதியது சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்து ஒப்பமிட்டவர்கள் திருமந்திர ஓலைநாயகம். மந்திரம் என்பது இங்கே மந்தணம், மறைவாக வைத்துப் பேசப்படுவது. ஆங்கிலத்தின் செக்ரட்டரி என்ற சொல்லும் இரகசியம் என்ற வேரிலிருந்து வந்ததுதான். இப்படிப்பட்ட வேலையைப் பத்து ஆண்டுகள் செய்துவிட்டு 'வெறும் உதவியாளர்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இன்னொரு முறை அப்படி எழுதாதீர்கள்.

உங்கள் ஆங்கிலம் போதும். இரண்டு சுற்றுகளைக் கடந்துவிட்டீர்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றிய கவலையை இந்த மாதம் ஒதுக்கி வையுங்கள். புதிர்களைப் பொறுத்தவரை, அவற்றால் பயனில்லை என்று கூகுளின் பணியாளர் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ போக் 2013இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 2002இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் உதவியாளராகச் சேர்ந்த ஆன் ஹையட்டிடம், சியாட்டில் நகரத்தில் எத்தனை ஜன்னல் கண்ணாடிகள் இருக்கும் என்று அவர் கேட்டதுண்டு. விடையை விட, பெரிய கணக்கை எப்படிப் பிரித்து யோசிக்கிறார் என்பதைப் பார்க்கத்தான் அது. நீங்கள் நேர வித்தியாசத்தைப் படித்துக்கொள்ளுங்கள். சியாட்டிலில் காலை 8 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 9.30, அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் 8.30. லண்டன் கடிகாரம் மாறுவது அந்த மாதக் கடைசி ஞாயிறில்தான் என்பதால், இடைப்பட்ட நாள்களில் மூன்று ஊர்க்காரர்களும் கூடும் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தவறிப் போவார். அதை முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். நீங்கள் செய்தது பெரிய தவறு. அந்த அறையில் உங்கள் திறமையை யாரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். இன்று பழைய நிறுவனத்தைப் பற்றி நம்மிடம் சொல்பவர் நாளை நம்மைப் பற்றி எங்கே சொல்வார் என்றுதான் எதிரில் இருந்தவர் யோசித்திருப்பார். வேலை இழந்தவர்களும் இதே துறையில்தான் வேலை தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லையா? எனக்கு எழுதிய கடிதத்திலும் அவர்களில் மூவரின் பெயர்களை எழுதியிருந்தீர்கள். நீக்கிவிட்டுத்தான் வெளியிட்டிருக்கிறேன்.

1986இல் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். ஒரு மாலை மேலாளர் என்னைக் கூப்பிட்டு இடமாற்ற ஆணை ஒன்றைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். தினமும் என்னோடு சேர்ந்து சாப்பிடும் தோழியைப் பூனாவுக்கு மாற்றும் ஆணை அது. கைக்குழந்தைக்காரி. பிட்மன் சுருக்கெழுத்தில் கோடு மெலிந்தால் ஆங்கில 'P', அதே கோடு தடித்தால் 'B'; என் கை நடுங்கி, பூனாவின் மெல்லிய முதற்கோடு தடித்துப்போயிற்று. தட்டச்சு செய்து முடித்ததும் புதிய கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவள் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. அதைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் அடுப்பில் எரித்தேன். ஆணை வர நான்கு நாள்கள் ஆயின. நான்கு நாளும் அவள் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை அவளோடு பகிர்ந்து சாப்பிட்டேன். ஆணை கைக்கு வந்த அன்று, "உனக்குத் தெரியும், இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு ஓராண்டு அவளிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. நான் செய்தது சரிதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தச் சாதத்தின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்தப் பட்டியல் உங்கள் மேசையில் இருந்த நாள்களில், அதில் பெயர் இருந்த ஒருவர் உங்களிடம் வந்து சாதாரணமாகப் பேசியிருப்பார். அப்போது நீங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொண்டீர்கள், என்ன பதில் சொன்னீர்கள், அச்சிட்ட தாள்களை எங்கே பூட்டினீர்கள்? மூன்றாம் சுற்றில் அதே கேள்வி வந்தால், யார், எந்தத் துறை, என்ன காரணம் என்பதில் ஒரு சொல்கூடச் சொல்லாமல், இதை மட்டும் சொல்லுங்கள்.