கையைக் கடிக்காத வீகன் உணவு: கேள்வி–பதில்

கேள்வி: வீகன் உணவுக்கு, அதாவது விலங்கிலிருந்து கிடைக்கும் எதுவும் இல்லாத உணவுக்கு, மாற எண்ணி, இறைச்சியை முழுவதுமாகவும், பால், முட்டை ஆகியவற்றைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டேன். செலவு குறையும் என்று எண்ணினேன். மாறாக அது கூடிவிட்டது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: இந்தக் கேள்வியோடு வருபவரிடம் நான் முதலில் கேட்பது இரத்தப் பரிசோதனை அறிக்கையை அன்று, கடைசியாகப் பொருள் வாங்கிய ரசீதைத்தான். அதில் பெரும்பாலும் தாவர 'இறைச்சி', வீகன் சீஸ், முந்திரித் தயிர், புரதப் பொடி ஆகியவை வரிசையாக நிற்கும். இவை அனைத்தும், நாம் விட்டுவிட்ட ஒரு பொருளின் சுவையையும் பதத்தையும் நகலெடுக்க முயல்பவை. அந்த நகலெடுப்புக்கு ஆகும் ஆலைச் செலவையும் விளம்பரச் செலவையும் சேர்த்தே நீங்கள் விலையாகக் கொடுக்கிறீர்கள். போதாக்குறைக்கு, வீகன் சீஸ் வகைகள் பலவற்றில் தேங்காய் எண்ணெயும் மாவுச்சத்துமே மிகுதி. புரதம் பெயரளவுக்குத்தான் இருக்கும்.

உலர்ந்த பருப்பு, பயறு, தானியம் ஆகிய மூன்றையும் பட்டியலின் தலைப்பில் எழுதிவிட்டு மற்றவற்றைப் பிறகு எழுதுங்கள். 100 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தபின் இரண்டு மடங்குக்கும் மேலான எடையைத் தரும். டப்பாவில் அடைத்து விற்கும் வெந்த கடலையில் அந்தத் தண்ணீரின் எடைக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம். நேரம்தான் தடை என்றால், பிரஷர் குக்கரில் ஒரே தடவை அதிகமாக வேகவைத்து, மூன்று நான்கு நாட்களுக்கு உரியதைக் குளிர்பதனப் பெட்டியிலும் மீதியை ஃப்ரீசரிலும் வையுங்கள். காய்கறிகளில் பருவத்துக்கு உரியதும், உறைநிலையில் பொட்டலமாக விற்பதும் சத்தில் குறைந்தவை அல்ல.

கேள்வி: என் எடை 60 கிலோ. புரதப் பொடி வாங்காமல் எனக்குப் போதிய புரதம் கிடைக்குமா? பருப்பையும் தானியத்தையும் ஒரே வேளையில் சேர்த்து உண்ண வேண்டும் என்கிறார்களே?

பதில்: வளர்ந்தவர்களுக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பதே பொதுவான பரிந்துரை; உங்களுக்கு அது 48 கிராம். உலர்ந்த நிலையில் அளந்த 100 கிராம் மசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 24 கிராமும், 200 கிராம் முழுக்கோதுமை மாவில் ஏறத்தாழ 25 கிராமும், ஒரு கைப்பிடி (30 கிராம்) நிலக்கடலையில் 7 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவும் புரதம் உண்டு. கணக்கு அங்கேயே நிறைந்துவிடுகிறது. தாவரப் புரதம் சற்றுக் குறைவாகவே செரிக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக உண்பது நல்லது. அதற்குச் சோயா உருண்டை கைகொடுக்கும். உலர்ந்த எடையில் பாதியளவு புரதம் கொண்ட அப்பொருளுக்கு விலை மலிவு என்பதாலோ என்னவோ, உரிய மரியாதை கிடைப்பதில்லை.

தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது என்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே தட்டில் சந்திக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே நாளில் இரண்டையும் உண்டால் போதும்.

கேள்வி: வாரத்துக்கு இரண்டு முட்டை உண்கிறேன், அவ்வப்போது ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியும் எடுக்கிறேன். அப்படியிருக்க, வைட்டமின் பி12 மாத்திரைக்கும் செலவு செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டும். சிக்கனத்தின் பெயரால் நீக்கக் கூடாத ஒரே வரி உங்கள் பட்டியலில் இதுதான்.

ஒரு பெரிய முட்டையில் இருப்பது ஏறத்தாழ அரை மைக்ரோகிராம் பி12. இரண்டு முட்டைகள் வாரத்துக்கு 1 மைக்ரோகிராம் தருகின்றன. உடலுக்குத் தேவையோ நாளொன்றுக்கே 2.4 மைக்ரோகிராம் என்று அமெரிக்கப் பரிந்துரை கூறுகிறது, ஐரோப்பியப் பரிந்துரை அதைவிடவும் கூடுதல். 'பெரும்பாலும் வீகன்' என்ற நிலையில் உள்ள ஆபத்து இதுவே: முழு வீகன் ஒருவர் மாத்திரையைப் பெரும்பாலும் மறப்பதில்லை, எப்போதாவது முட்டையோ பாலோ உண்பவர் தமக்கு அது தேவையில்லை என்று நம்பிவிடுகிறார். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பகுதி போலி பி12. மனித உடலில் அது வேலை செய்யாது.

இந்த வைட்டமினைத் தாவரமும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை; பாக்டீரியாக்களே செய்கின்றன. 'வீகன்' என்ற சொல் பிறந்தது 1944-இல். பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல். தங்கள் உணவில் எது இல்லை என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பே முதல் வீகன்களுக்கு இருக்கவில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளிப்பட ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் கீரையிலும் பயறிலும் நிறைந்துள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், அக்குறைபாட்டின் அடையாளமான இரத்தச்சோகையை மறைத்துவிடக்கூடும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும்.

பிரிட்டனில் உள்ள வீகன் சொசைட்டி என்ற அமைப்பின் அறிவுரை, நாளுக்கு ஒரு முறை குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு ஒரு முறை குறைந்தது 2000 மைக்ரோகிராம் என்பதாகும். இரண்டு அளவுகளும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்றால், குடல் ஒரு வேளையில் முறையாக உறிஞ்சக்கூடியது 2 மைக்ரோகிராம் அளவுக்கே. அதற்கு மேற்பட்டதில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே செல்லும். பி12 வகைகளில் சயனோகோபாலமின் என்ற வடிவமே விலை குறைந்ததும் எளிதில் கெடாததும் ஆகும். பெரும்பாலோருக்கு அதுவே போதும். கை கால்களில் மரத்துப்போதல், விடாத சோர்வு ஆகியவை ஏற்கெனவே இருந்தாலும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தை உட்கொண்டாலும், கர்ப்பமாக இருந்தாலும், மாத்திரையைத் தாமாகத் தேர்ந்தெடுக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: வேலைக்குச் செல்லும்போது ஸ்லோ குக்கரில் சிவப்பு ராஜ்மாவைப் போட்டுவிட்டுச் செல்லலாமா? எரிபொருளும் மிச்சமாகுமே.

பதில்: அப்படியே போடாதீர்கள். அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் கொதிநிலையில்தான் அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் நச்சுத்தன்மை கூடவும் செய்யலாம். நான்கைந்து பயறுகள் அரைகுறையாக வெந்து வயிற்றுக்குள் சென்றாலே கடும் வாந்தி வரலாம். இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதிய நீரில் அரை மணி நேரம் நன்கு கொதிக்கவைத்த பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். ஊறிய நீரைக் கொட்டுவதால், வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளிலும் ஒரு பகுதி வெளியேறும். பயறு பழகாத வயிறாக இருந்தால் முதல் சில வாரங்களுக்குச் சிறிய அளவே போதும்.

கேள்வி: வீட்டிலேயே ஓட்ஸ் பால் தயாரிக்கிறேன். செலவு மிகக் குறைவு. கால்சியத்துக்கு அது போதுமா?

பதில்: போதாது. கடைப் பொட்டலத்தில் உள்ள கால்சியம் ஓட்ஸிலிருந்து வந்ததன்று, பின்னர் சேர்க்கப்பட்டது. உங்களுடையது காபிக்கு நல்ல பானம், அவ்வளவே. கால்சியத்துக்காகச் செலவிட விரும்பினால், கால்சியம் சேர்த்த சோயா பாலையோ, கால்சியம் உப்பால் சோயா பாலை உறையவைத்துச் செய்த டோஃபுவையோ வாங்குங்கள். கால்சியத்தோடு புரதமும் வரும். பசலைக்கீரையில் கால்சியம் உண்டு. ஆனால் அக்கீரையிலேயே உள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் அதைக் கட்டிவைத்துக்கொள்வதால் நூற்றில் ஐந்து பங்களவே உடலில் சேரும். கேல் கீரை, புரோக்கோலி, முட்டைக்கோஸ் ஆகியவை இவ்வகையில் மேலானவை.

கேள்வி: இரும்புச்சத்துக்காகப் பருப்பும் கீரையும் உண்கிறேன். உணவோடு தேநீர் குடிப்பது வழக்கம். அதனால் கெடுதலா?

பதில்: தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, அந்த இடத்தில் எலுமிச்சையோ தக்காளியோ குடைமிளகாயோ சேருங்கள். தேநீரின் பாலிபீனால்கள் தாவர இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. இவற்றில் உள்ள வைட்டமின் சி, அந்த இரும்பு உடலில் சேர வழிவிடுகிறது.

கேள்வி: சியா விதை விலை கூடுதலாக இருக்கிறது. ஒமேகா-3 கொழுப்புக்கு வேறு வழி உண்டா?

பதில்: ஆளி விதை. நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி பொடி போதும். முழு விதை செரிக்காமலே வெளியேறிவிடும் என்பதால், சிறிது சிறிதாக அரைத்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

கேள்வி: உப்பைப் பற்றி ஏதேனும் கவனிக்க வேண்டுமா? நான் இளஞ்சிவப்புப் பாறை உப்பைப் பயன்படுத்துகிறேன்.

பதில்: பாலையும் மீனையும் விட்டவருக்கு அயோடின் கிடைக்கும் எளிய வழி, அயோடின் சேர்த்த உப்பு. நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் உப்பில் அது மிகச் சொற்பம். உப்பின் அளவைக் கூட்டாமல் வகையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்; பட்டியலில் இன்னொரு செலவும் குறையும்.