மொட்டை, வேன், பதினாலு பேர்

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. போன வருஷம் வலது மார்பில் கேன்சர் என்று தெரிந்து ஆபரேஷன், பதினாறு கீமோ, அப்புறம் கரண்ட் வைத்தது எல்லாம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது டமாக்ஸிஃபென் மாத்திரை மட்டும் தினமும் போடுகிறேன். நல்லபடியாக முடிந்ததைக் கொண்டாட வீட்டுக்காரர் டூர் போட்டிருக்கிறார். ஊட்டி, மூணாறு, கொச்சி, ஆறு நாள், ஒரே வேனில் பதினாலு பேர். கொழுந்தனார் குடும்பம், நாத்தனார் குடும்பம், மாமியார் எல்லோரும் வருகிறார்கள். திரும்பும்போது பழனியில் எனக்கு மொட்டை போடுவதாக மாமியார் வேண்டியிருக்கிறார். இப்போதுதான் இரண்டு விரற்கடை முடி வளர்ந்திருக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, கால் விரல் மரத்த மாதிரியே இருக்கிறது. ஆனால் ஒரு வருஷம் என்னைத் தாங்கிய மனுஷனிடம் 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்ல? நான் நன்றி கெட்டவளா?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: இல்லவே இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஊர் வரிசை இருக்கிறது, ஆள் கணக்கு இருக்கிறது, மாமியாரின் வேண்டுதல் இருக்கிறது, எனக்கு இந்த ஊரைப் பார்க்க ஆசை என்று உங்கள் வாயால் ஒரு வரி இல்லை. யாருக்காக டூரோ அந்த ஆளைக் கேட்காமலே வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இதைக் கோபமாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. எனக்குச் சிகிச்சை முடிந்த ஆறாவது வாரம் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனார்கள். லிஃப்ட் உண்டு என்று போனில் சத்தியம் செய்த லாட்ஜில் மூன்றாவது மாடியில் அறை, லிஃப்ட் ரிப்பேர். நான் முகம் சுளிக்கவில்லை, எல்லோரும் எனக்காகத்தானே வந்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி போட்டோக்களைப் பார்த்தபோதுதான் கவனித்தேன், எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருக்கிறேன், எல்லாப் படத்திலும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கம்பி, மரம், அக்கா பையனின் தோள். மூன்றாம் நாள் மற்றவர்கள் படகு சவாரிக்குக் கிளம்பியபோது நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரம் போர்வைக்குள் உட்கார்ந்து சூடாக ரசம் வாங்கிக் குடித்தேன். அந்த இரண்டு மணி நேரம்தான் அந்த டூரில் எனக்கு மிச்சம்.

உங்கள் வீட்டுக்காரர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் பயத்தை வெளியே காட்டாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். டூர் போய்விட்டு வந்தால் எல்லாம் முடிந்தது என்று அவருக்கு ஒரு முற்றுப்புள்ளி கிடைக்கும். உங்களுக்கு அப்படி முடியவில்லை, தினமும் மாத்திரை, சில மாதத்துக்கு ஒரு தடவை செக்கப், நடுவில் எங்கே வலித்தாலும் 'அதுவா' என்று ஒரு திக். இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறீர்கள். அதனால் டூர் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், டூரை நறுக்குங்கள். "ஏங்க, எனக்கும் வெளியே போகணும்னு இருக்கு. ஆனா ஒரே ஊர், மூணு ராத்திரி, நாம நாலு பேர் மட்டும். மத்தவங்களோட கொச்சிக்கு அடுத்த வருஷம் போகலாம்" என்று ராத்திரி சாப்பாடு முடிந்து அவர் தனியாக இருக்கும்போது சொல்லிப் பாருங்கள். கொழுந்தனார் முன்னால் சொல்லாதீர்கள், அட்வான்ஸ் பணம் பேச்சில் வந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. மாடிப்படியில் மூச்சு வாங்குவதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதை வெறும் களைப்பு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கீமோவுக்குப் பிறகு ரத்தம் குறைந்திருந்தாலும் மூச்சு வாங்கும். சிவப்பு மருந்து (டாக்ஸோரூபிசின் மாதிரியான கீமோ மருந்து) ஏற்றியிருந்தால் சிலருக்கு அது இதயத்தின் பலத்தைக் குறைக்கும். டாக்டரிடம் சொல்லி ஹீமோகுளோபினும், அவர் சொன்னால் எக்கோவும் (இதய ஸ்கேன்) பார்த்த பிறகுதான் மலை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், ரத்தம் குறைந்த உடம்புக்கு அங்கே நாலு எட்டு நடப்பதே வேலையாகிவிடும். டாக்டர் சரி என்றால் ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வான குன்னூரில் தங்கலாம் என்பது என் யோசனை. தரைத்தளத்தில் அறை கேளுங்கள். மலை ரயில் ஆசை இருந்தால் மேட்டுப்பாளையத்தில் விடிகாலை ஏறி அஞ்சு மணி நேரம் மரப்பலகை மாதிரி சீட்டில் உட்கார வேண்டியதில்லை, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஒரு மணி நேரம்தான், பிள்ளைகளுக்கும் அது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயிலை நிறுத்திவிடுவார்கள், அந்த மாதங்களைத் தவிருங்கள். சொந்த வண்டியோ வேனோ, நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அந்த நடைமுறை இருக்கிறது.

வண்டியில் நம் பெண்கள் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது. வழியில் பாத்ரூம் சரியாக இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பது. டமாக்ஸிஃபென் போடுகிறவர்களுக்குக் காலில் ரத்தம் உறைகிற அபாயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், நீண்ட பயணமும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி இறங்கி நடங்கள். பெட்ரோல் பங்க் பாத்ரூம் எப்படி இருந்தாலும் சரி, தண்ணீர் குடியுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தாலோ டூரை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. மாத்திரையைப் பெட்டியில் போட்டு வேன் கூரையில் கட்டிவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும், ஃபைல் மொத்தமும் வேண்டாம். மாத்திரையால் திடீரென உடம்பெல்லாம் அனலடிக்கும் என்பதால் குளிர் ஊர் என்று ஒரே தடிமனான ஸ்வெட்டர் எடுக்காமல், கழற்றிப் போட வசதியாக மெல்லியதாக இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வலது கக்கத்தில் நெறிகட்டிகளை எடுத்திருப்பார்கள். அந்தக் கையால் பழக்கமில்லாத கனத்தைத் திடீரெனத் தூக்கக்கூடாது, சூட்கேஸ் உங்கள் வேலை இல்லை. ஈரமான டீத்தோட்டத்தில் அட்டை ஏறும், கொசு கடிக்கும், அந்தக் கையில் சின்னக் கீறல் பட்டாலும் கழுவி மருந்து போடுங்கள். சிவந்து சூடாக வீங்கினால் ஊர் திரும்பட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும், ஆன்டிபயாடிக் தாமதிக்கக்கூடாத விஷயம் அது. என்றைக்காவது கேரளப் பக்கம் போனால் எண்ணெய் மசாஜ் பேக்கேஜ் என்று கூப்பிடுவார்கள். அந்தக் கையையும் கரண்ட் வைத்த இடத்தையும் அழுத்திப் பிடிக்க விடாதீர்கள். அந்தத் தோலில் வெயிலும் நேரே படக்கூடாது. மலையில் குளிர்கிறதே என்று ஏமாந்துவிடுவோம், உயரம் கூடக் கூட வெயிலின் உக்கிரமும் கூடும்.

கால் விரல் மரத்திருப்பது பெரும்பாலும் பேக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்தின் மிச்சம். மெல்லச் சரியாகும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்தில் செருப்பில்லாமல் நடக்கும்போது மற்றவர்கள் 'ஸ்ஸ்' என்று ஓடுவார்கள், உங்களுக்குச் சூடே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள். காலையிலேயே போய்விடுங்கள், காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கோயில் என்றதும் மொட்டைக்கு வருகிறேன். மாமியாரைத் திட்ட மாட்டேன், நீங்கள் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தபோது அவர் கையில் இருந்தது அந்த வேண்டுதல் ஒன்றுதான். ஆனால் முருகனோடு அவர் போட்ட ஒப்பந்தத்துக்கு உங்கள் தலையை ஈடு வைத்திருக்கிறார். தலையணையில் கொத்துக் கொத்தாக முடியைப் பார்த்து அழுதவளுக்கு, திரும்பி முளைத்த இரண்டு விரற்கடை என்பது வெறும் முடி இல்லை என்று அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அது உங்கள் வீட்டுக்காரர் வேலை. வழி இல்லாமல் இல்லை. பெண்கள் பூமுடி கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, நுனியில் கொஞ்சம் கத்தரித்தால் போதும். அதுவும் இன்னும் ஒரு வருஷம் வளர்ந்த பிறகு கொடுக்கலாம். இல்லையென்றால் வேண்டிக்கொண்டவர் வீட்டிலிருந்தே யாராவது ஆண்பிள்ளை கொடுக்கட்டும், கொழுந்தனார் இருக்கிறாரே. கீமோவில் ஏற்கெனவே ஒரு தடவை மொத்தமும் கொடுத்தாகிவிட்டது, பழனியாண்டி அதை வரவு வைத்துக்கொள்ள மாட்டானா என்ன. போவதாக இருந்தால் கிட்டத்தட்ட எழுநூறு படி ஏற வேண்டாம், விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. காற்று பலமாக அடித்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, எந்த ஊருக்குப் போனாலும் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசி வையுங்கள்: ஒரு நாள் நீங்கள் அறையிலேயே இருப்பீர்கள், "ஏன், என்ன பண்ணுது?" என்று யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பெருங்குடலில் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். ராமேஸ்வரம் போகணும் என்று அவரே கேட்கிறார், பிறகு ரயிலில் பை கசிந்துவிட்டால் மானம் போய்விடும் என்று அவரே பின்வாங்குகிறார். தீர்த்தம் ஆடலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: மேலே ஈரோட்டுத் தங்கையின் கடிதத்தைப் பாருங்கள், உங்கள் அப்பா விஷயம் நேர் எதிர். அவரே கேட்கிறார், அதனால் கூட்டிப் போய்விடுங்கள். பாம்பன் பழைய பாலத்தில் 2022 கடைசியில் நின்றுபோன ரயில், புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. மதுரையிலிருந்து அரை நாள்கூட ஆகாது.

வழக்கமாக எத்தனை பை செலவாகுமோ அதுபோல இரண்டு மடங்கு எடுங்கள், பையின் ஓட்டையை வீட்டிலேயே அளவாக வெட்டி வைத்துவிடுங்கள், ஆடுகிற ரயில் பாத்ரூமில் கத்தரிக்கோலோடு போராட முடியாது. ஒரு மாற்று வேட்டி, பழைய நியூஸ்பேப்பர், பாலிதீன் கவர் எல்லாம் ஒரே சின்னப் பையில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இந்த வயிற்றுப் பைகளை வைக்காதீர்கள், பசை கெட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிட்டால் கசிகிற பயம் பாதி போய்விடும். முந்தின நாள் மொச்சை, முட்டைகோஸ், சோடா வேண்டாம். கசியுமே என்று பட்டினி போடாதீர்கள், வெறும் வயிற்றில் காற்றுதான் அதிகம் சேரும்.

பையோடு குளிக்கலாம், ஆபரேஷன் புண் நன்றாக ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரங்களில் டேப் ஒட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். எனக்கு பையைவிடத் தரையைப் பற்றித்தான் பயம். 22 கிணற்றுக்கும் ஈர வேட்டியோடு வழுக்குகிற கல்லில் நடக்க வேண்டும், வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். அவருக்கு முடியாவிட்டால் கோடி தீர்த்தம் மட்டும் தலையில் தெளித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கேன்சர் பேஷன்ட்டுக்கு ரயிலில் இலவசம் என்கிறார்களே, டூருக்கு எடுக்கலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: முடியாது. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ ஆஸ்பத்திரிக்குப் போய் வர மட்டும்தான் அந்தச் சலுகை, ஆஸ்பத்திரியில் படிவம் வாங்க வேண்டும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். ஆனால் செக்கப்புக்கு சென்னை வருகிறவர்கள் டாக்டரைப் பார்த்த கையோடு அன்றைக்கே திரும்பி ஓடாமல், மறுநாள் சொந்தச் செலவில் மாமல்லபுரம் போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வரலாமே, அதற்கு யாரிடமும் படிவம் வேண்டாம்.

கேள்வி: கணவருக்கு ஸ்கேன் அடுத்த மாதம். டூரை ஸ்கேனுக்கு முன்னால் வைப்பதா, பின்னாலா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முன்னால் போனால் கடலைப் பார்த்தாலும் ஸ்கேன்தான் தெரியும் என்றால் பின்னால். ரிசல்ட் கையில் வந்த மறு வாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், ரிசல்ட் எப்படி இருந்தாலும் டாக்டரைக் கேட்டு நாலு நாள் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். எந்தப் பக்கம் என்று அவரையே கேட்டுவிடுவது இன்னும் நல்லது. டிக்கெட் மட்டும் தள்ளிப் போடாதீர்கள், இப்போது 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறார்கள், அடுத்த மாதம் என்றால் ஏற்கெனவே திறந்திருக்கும். அவருக்குக் கீழ் பெர்த் கேட்டுப் போடுங்கள், தேதி மாறினால் ரத்து செய்கிற கழிவுத் தொகை போகட்டும்.