வெளிநாட்டினர் மீது வரி வரட்டும் என்று காத்திருக்கலாமா?

வீடு வாங்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அரசு வரி போட்டால் வீட்டு விலை இறங்கும், அதுவரை வாடகையில் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கனடாவின் வான்கூவர் நகரில் 2016 ஆகஸ்டில் வெளிநாட்டினருக்கு 15 சதவீத வரி போட்டார்கள். விற்பனை சட்டென்று படுத்தது, விலையும் கொஞ்சம் தணிந்தது. அடுத்த ஆண்டே மறுபடி ஏறியது. 2018-இல் வரியை 20 சதவீதமாக்கினார்கள். நியூசிலாந்தோ 2018-இல் பெரும்பாலான வெளிநாட்டினர் வீடு வாங்குவதையே தடுத்தது. அப்படியும் 2020, 2021-இல் விலை எகிறியது. வீட்டுக் கடன் வட்டி குறைந்ததும் உள்ளூர்க்காரர்களே முட்டி மோதி வாங்கினார்கள். வட்டி ஏறிய பிறகுதான் விலை இறங்கியது.

வெளிநாட்டுப் பணத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. கட்டி முடிக்கும் முன்பே விற்கும் புது அடுக்குமாடிகளில் அது நன்றாகவே தெரியும். நீங்கள் தேடுவது பழைய இரண்டு படுக்கையறை வீடு. அங்கே போட்டிக்கு வருபவர் பெரும்பாலும் உங்களைப் போலக் கடன் வாங்கி வருபவர்தான். "வெளிநாட்டுப் பார்ட்டி முழுப் பணத்தோடு நிற்கிறார்" என்று தரகர் சொன்னால் (எல்லாத் தரகரும் பாடும் பாட்டுதான்) அவசரப்படாதீர்கள்.

சரி, வட்டி இன்னும் 2 சதவீதம் கூடினாலும் தவணை கட்ட முடியுமா? முடியுமென்றால், விளம்பர விலையை விட்டுவிட்டு, அந்தப் பகுதியில் அண்மையில் பதிவான விற்பனை விலைகளை வைத்துப் பேரம் பேசுங்கள். முடியாதென்றால் வாடகையே மேல்.

அப்புறம், நீங்கள் வீடு தேடும் நாட்டில் உங்களுக்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் அந்த வரி உங்கள் தலையிலும் விழலாம். சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டினர் வீடு வாங்கும்போது கட்ட வேண்டிய கூடுதல் முத்திரை வரி 60 சதவீதம்.