கேளுங்க சொல்றேன்: குடிய நிறுத்தணும், மீட்டிங் எங்க நடக்குது?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, திண்டுக்கல் பக்கம். ஐயப்பனுக்கு மாலை போட்டா ஒரு சொட்டு தொட மாட்டேன், கழட்டுன அன்னிக்கு ராத்திரியே பழையபடி ஆரம்பிச்சிருவேன். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நினைக்கிறவங்க ஒண்ணா கூடிப் பேசுற அமைப்பு) மீட்டிங்குக்குப் போகச் சொல்லி ஒருத்தர் சொன்னாரு. எங்க நடக்குதுன்னு யார்கிட்ட கேக்குறது, காசு எவ்ளோ, சர்ச்லதான் நடக்குதாமே, தெரிஞ்சவங்க பாத்துட்டா? (பேர் போடாதீங்க)

பதில்: தம்பி, மத்தியானம் 12 மணிக்கு டாஸ்மாக் வாசல்ல நிக்கிறவங்க யாரும் மூஞ்ச மூடிக்கிட்டு நிக்கல, நிறுத்தப் போற இடத்துக்குத்தான் நமக்கு இவ்ளோ கூச்சம்! அங்க உங்கள யாராவது பாத்தா அவரும் அதே வியாதிக்கு வந்தவராத்தான் இருப்பாரு, அங்க பேசுனத வெளிய சொல்லக்கூடாதுங்கிறது அவங்களுக்கு முக்கியமான வழக்கம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? போன் பண்ணித்தான். ஏ.ஏ. இந்தியாவோட வெப்சைட்ல ஊர்வாரியா விவரம் இருக்கும், ஆனா அதப் பாத்துட்டு நேரா கிளம்பிறாதீங்க, கிழமையும் இடமும் மாறியிருக்கலாம். அங்க இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு தமிழ்ல நடக்குதா, ஓப்பன் மீட்டிங்கா க்ளோஸ்டு மீட்டிங்கான்னு கேளுங்க (ஓப்பன்னா வீட்டு ஆளுங்களும் வரலாம், க்ளோஸ்டு குடிய நிறுத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு மட்டும்). கூடவே, வாசல்கிட்ட யாராவது நிப்பீங்களான்னும் கேட்டுருங்க, ஏன்னா ஸ்கூல் முடிஞ்சப்புறம் ஏதோ ஒரு கிளாஸ் ரூம்லகூட நடக்கும், போர்டு கண்ல படாம திரும்பி வந்தவங்க நிறைய. நெட்டெல்லாம் வேணாம்னா பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓ.பி.ல கேளுங்க, இல்ல 14446க்கு அடிங்க, மத்திய அரசோட போதை மீட்பு ஹெல்ப்லைன், காசு கிடையாது.

ஏ.ஏ. ஆரம்பிச்சதே இப்படி ஒரு போன் கால்லதான். 1935 மே மாசம், நியூயார்க்ல இருந்து பில் வில்சன்னு ஒருத்தர் ஆக்ரன்ங்கிற ஊருக்குத் தொழில் விஷயமா வர்றாரு, போன காரியம் கெட்டுப்போச்சு, குடிய விட்டு சில மாசம்தான் ஆகுது. ஹோட்டல் லாபில ஒரு பக்கம் பார்ல சத்தம், இன்னொரு பக்கம் போன். அங்க இருந்த சர்ச் லிஸ்ட்ட வச்சு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, பேசுறதுக்கு இன்னொரு குடிகாரன் வேணும்னு கேட்டிருக்காரு! அப்படிக் கிடைச்சவர்தான் டாக்டர் பாப். அவர் கடைசியா குடிச்ச ஜூன் 10தான் ஏ.ஏ.வோட பிறந்தநாள். நீங்க கூப்பிடுறப்ப எடுக்கிறவரும் உங்கள மாதிரி ஆள்தான், அதனால தயங்காதீங்க.

ஃபீஸ் கிடையாது. கடைசில சுத்தி வர்ற உண்டியல்ல இஷ்டப்பட்டா போடலாம், புதுசா வந்தவர யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. சர்ச்ல ரூம் கிடைக்குது அவ்ளோதான், எந்த மதத்தோடயும் அவங்களுக்கு சம்பந்தமில்ல, கடவுள்னு வர்ற இடத்துல 'நாம புரிஞ்சுக்கிட்டபடி'ன்னுதான் இருக்கும், உங்களுக்கு ஐயப்பனே போதும். பேசணும்னு கட்டாயமில்ல, சும்மா உக்காந்து டீ குடிச்சிட்டு வரலாம். முதல் மீட்டிங் பிடிக்கலன்னா ஏ.ஏ.வே பிடிக்கலன்னு முடிவு பண்ணிறாதீங்க, ஒவ்வொரு குரூப்பும் ஒவ்வொரு மாதிரி, வேற கிழமை வேற குரூப் போய்ப் பாருங்க. மாலை போட்டப்ப கூட நாலு சாமி இருந்தாங்க, கழட்டுனப்புறம் யாரு இருந்தாங்க? தண்ணி நினைப்பு வர்ற ராத்திரில கூப்பிட்டுப் பேச அங்க ஒரு ஆள் கிடைப்பாரு, ஸ்பான்சர்னு சொல்வாங்க, எனக்குத் தெரிஞ்சு பாதி வேலை அதுதான்.

ஆனா ஒண்ணு, காலைல கட்டிங் போடலன்னா கை நடுங்குதுன்னா வீட்லயே திடீர்னு நிறுத்தாதீங்க. ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், அதுக்கப்புறம் ஆளே இல்லாத இடத்துல ஆள் தெரியுற அளவுக்குக் குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதல்ல டாக்டர், அப்புறம் மீட்டிங்.

கேள்வி: வீட்டுக்காரர் எங்கயும் வர மாட்டேங்கிறார். சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்குற பவுடர் விளம்பரம் பாத்தேன், வாங்கலாமா மேடம்? (திருவண்ணாமலை வாசகி)

பதில்: வேண்டவே வேண்டாம்மா. அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் மாதிரி, குடிய நிறுத்த டாக்டருங்க குடுக்குற மாத்திரை கலந்திருந்து, அது தெரியாம அவர் குடிச்சா மூஞ்சி சிவந்து, வாந்தி, பிரஷர் இறங்கி, உயிரே போகலாம். அந்த மாத்திரைய டாக்டர் குடுக்குறப்பகூட நோயாளிக்குச் சொல்லித்தான் குடுப்பாங்க.

அவர் வரலன்னா பரவால்ல, நீங்க போங்க. குடிக்கிறவங்க வீட்டாளுங்களுக்குன்னே அல்-அனான்னு தனி அமைப்பு இருக்கு, 1951ல பில் வில்சனோட மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து ஆரம்பிச்சது. அவர எப்படித் திருத்துறதுன்னு அங்க சொல்லித்தர மாட்டாங்க, அவர் குடிக்கு நீங்க காரணமில்ல, அத நிறுத்துறதும் உங்க கைல இல்லன்னு புரிய வைப்பாங்க, அது புரிஞ்சா ராத்திரி கொஞ்சமாவது தூக்கம் வரும். அடிக்கிறார்னா அது வேற விஷயம், உடனே 181க்குக் கூப்பிடுங்க. கட்டிப்போட்டுக் கூட்டிட்டுப் போறேன்னு வர்ற மையங்கள நம்பாதீங்க, லைசென்ஸ் இருக்கான்னு பாக்காம ஒரு பைசா கட்டாதீங்க.

கேள்வி: பொண்ணுங்களும் ஏ.ஏ. போலாமா? (ஐ.டி.ல வேலை, சென்னை)

பதில்: தாராளமா. நிறுத்தணும்ங்கிற ஆசை ஒண்ணுதான் தகுதி. ஆம்பளைங்க நடுவுல உக்கார சங்கடமா இருந்தா, போன் பண்றப்பவே பெண் மெம்பர் யார்கிட்டயாவது பேசணும்னு கேளுங்க. ஜூம்லயும் மீட்டிங் நடக்குது, கேமராவ ஆஃப் பண்ணிட்டு முதல்ல கேட்டுப் பாருங்க.